சும்மாட்டின் மேல் ஒரு ஹெல்மெட்

82 கிராம் எடையோடு ஹெல்மெட்டுக்கு அடியில் தலையில் ஏறிய ஈரக் குல்லா, வீட்டுக்கு வந்து தராசில் வைத்தபோது 46 கிராம் காட்டியது. வெயிலில் ஹெல்மெட்டுக்குள் தலை வேகாமல் இருக்க வழி தேடி, ஆறு வாரமாக இந்த ஓர் எண்ணுக்காகத்தான் அலைந்திருக்கிறேன். சமையலறை மேடை முன் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். ரவை நிறுக்கும் தராசில் வியர்வைக் குல்லாவை வைத்திருக்கிறேன் என்பது மனைவி உள்ளே வந்த பிறகுதான் உறைத்தது. "இனிமேல் இந்தத் தராசு உங்களுக்கே இருக்கட்டும். எனக்குப் புதிதாக ஒன்று வாங்கி வாருங்கள்" என்றாள். அந்த 450 ரூபாயும் கீழே வரும் கணக்கில் இருக்கிறது.

எனக்கு வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில், ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில். வீடு வேலூர் சத்துவாச்சாரியில். ஒரு வழிக்குச் சுமார் 22 கிலோமீட்டர், பைக்கில் 40 நிமிடம். காலை ஷிப்டுக்குப் போகும்போது தொல்லை எதுவும் இல்லை. விடியற்காலைக் காற்று இதமாகவே இருக்கும். திரும்புவது பிற்பகல் இரண்டு மணிக்கு. பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போதே காய்ந்த மணலிலிருந்து அனல் வந்து முகத்தில் அறையும். ஆற்காட்டைத் தாண்டி மேல்விஷாரம் வருவதற்குள் ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துபோகும். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது எங்கள் ஊரில் யாருக்கும் செய்தி இல்லை.

ஏப்ரல் கடைசி வாரம் ஒரு நாள் தாங்க முடியாமல் ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு ஓட்டினேன். ரத்னகிரி தாண்டியதும் கையைக் காட்டி நிறுத்தினார்கள். அபராதம் 1,000 ரூபாய். தவறு என்னுடையதுதான், வாதாடவில்லை. ஆனால் அந்த ரசீதைப் பையில் மடித்து வைத்தபோதுதான் ஹெல்மெட்டை முதல் முறையாகக் கூர்ந்து பார்த்தேன். நெற்றிப் பக்கம் இரண்டு, தாடையில் ஒன்று, பின்னால் இரண்டு என்று ஐந்து காற்றுத் துவாரங்கள். நெற்றியில் இருந்த இரண்டுக்கும் தள்ளு மூடி உண்டு. தள்ளினால் 'டக்' என்று ஒரு கம்பீரமான சத்தம் வரும். நான்கு ஆண்டுகளாக மே மாதம் வந்தால் அந்த மூடிகளைத் திறப்பதும் மழைக்காலத்தில் மூடுவதுமாகக் கடமை தவறாமல் இருந்திருக்கிறேன்.

அன்று இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டின் வெளியே ஒவ்வொரு துவாரத்திலும் கைபேசி டார்ச்சை ஒட்டி வைத்து, உள்ளே தலையை நுழைக்கும் பக்கமிருந்து பார்த்தேன். தாடைத் துவாரத்தில் மங்கலாக ஒரு கீற்று தெரிந்தது. நெற்றியில் இரண்டும் இருட்டு. மூடியைத் திறந்தாலும் இருட்டு, மூடினாலும் இருட்டு. உள்துணியைப் பிய்த்தெடுத்துவிட்டுப் பார்த்தேன். வெள்ளைத் தெர்மாகோல் முழுச் சுவராக நின்றது. பின்பக்கத் துவாரங்களின் நிலை இன்னும் மோசம். அங்கே பிளாஸ்டிக் ஓட்டில்கூடத் துளை இல்லை, மேலே ஒட்டிய கறுப்பு வார்ப்பு மட்டும்தான். சுவரில் வரைந்த ஜன்னலை நான்கு கோடையாகத் திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்தான் அது. முத்திரையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடிபட்டால் மண்டை தப்புமா, வார் அறுந்துபோகாதா என்பதற்கான உறுதி அது. 2021 ஜூன் முதல் அந்த முத்திரை இல்லாத இருசக்கர ஹெல்மெட்டை இந்தியாவில் விற்கவே கூடாது. காற்று வருமா என்பதைக் கவனிக்க வேண்டியது வாங்குகிறவன். நான் கவனிக்கவில்லை.

பராமரிப்பு வேலை செய்கிறவனுக்கு அடைப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஒரு துளை போட்டால் தீர்ந்தது என்றுதான் முதலில் தோன்றியது. நல்ல வேளையாக, மைத்துனன் கீழே போட்டு ஓடு விரிசல் விட்ட ஹெல்மெட் ஒன்று பரணில் கிடந்தது. பரிசோதனைக்கு அதை எடுத்துக்கொண்டேன். ஹாக்சா பிளேடால் நெற்றி முதல் பிடரி வரை நெடுக அறுத்து, வெர்னியர் வைத்து அளந்தேன். நெற்றியில் தெர்மாகோல் 31 மில்லிமீட்டர், உச்சியில் 36, காதுக்கு மேலே 22.

8 மில்லிமீட்டர் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தியது முதல் முயற்சி. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. எடுத்துப் பார்த்தால் துளையின் அகலம் 19 மில்லிமீட்டர். சுற்றியிருந்த தெர்மாகோல் உருகிக் கண்ணாடி போல இறுகிவிட்டது. புகை நாற்றம் மாடி முழுக்க இரண்டு நாள் நின்றது. அந்தப் புகையை முகர்ந்ததே மடத்தனம். இரண்டாவது முயற்சி டிரில். 10 மில்லிமீட்டர் பிட் உள்ளே போனதும் தெர்மாகோல் மணிகள் பூந்தி போலக் கொத்தாகப் பெயர்ந்து வந்தன. துளையின் ஓரத்தை விரலால் தொட்டாலே உதிர்ந்தது. சரி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி ஒட்டிவிடலாம் என்று செருப்புக்கு ஒட்டுகிற மஞ்சள் ரப்பர் பசையைத் தடவி வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தபோது குழாய் கீழே விழுந்து கிடந்தது. அது இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் குழி. பசையில் இருந்த கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிட்டது. பெட்ரோலும் தின்னரும் இதையேதான் செய்யும். ஹெல்மெட்டை அவற்றால் துடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே பளபளக்கும், உள்ளே என்ன ஆகிறது என்று தெரியாது.

அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்ற சில நிமிடங்களில் துளை போடும் யோசனையைக் கைவிட்டேன். விழும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள இருப்பதே இந்த 31 மில்லிமீட்டர்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கான ஐ.எஸ். 4151 சோதனைக்குப் போய்த் தேறியது துளை போடாத ஹெல்மெட். நான் டிரில் வைத்த பிறகு அது எந்தச் சோதனையிலும் தேறாத வேறொரு பொருள். என் தலையில் இருக்கும் ஹெல்மெட்டில் எதையும் வெட்டுவதில்லை, குடைவதில்லை, ஒட்டுவதில்லை என்று முடிவுசெய்தேன். ஆறு வாரத்தில் நான் எடுத்த முடிவுகளில் ஒரு முறையும் மாற்றிக்கொள்ளாதது இது ஒன்றுதான்.

அடுத்த வாரம் இரண்டு அசட்டு முயற்சிகளில் போனது. ஒன்று, 190 ரூபாய்க்கு வாங்கிய சின்ன யு.எஸ்.பி. ஃபேன். தாடைக்கு அடியில் ரப்பர் வளையத்தால் மாட்டி, சட்டைப் பையில் பவர் பேங்க் வைத்து ஓட்டினேன். காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இரைச்சல். அடித்த காற்றும் சாலையில் இருக்கும் அதே 40 டிகிரிக் காற்றுதானே. ஆற்காடு வருவதற்குள் கழற்றிப் பையில் போட்டேன்.

இரண்டாவது, நிறம். கறுப்பு ஹெல்மெட்தான் வெயிலை இழுக்கிறது, வெள்ளை வாங்கு என்று ஷிப்டில் எல்லோரும் சொன்னார்கள். முதலில் கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியைத் தேடி எடுத்தேன். அது ஹெல்மெட்டைப் பார்த்ததும் அளவு தாண்டிவிட்டது என்று கத்தியது. மோட்டார் பேரிங் சூடு பார்க்கும் துப்பாக்கியைப் பணிமனையில் கேட்டு வாங்கி வந்தேன். ஞாயிறு நண்பகல், மொட்டை மாடியில் ஒரு மணி நேரம். கறுப்பு ஓட்டின் மேல் 64 டிகிரி. அதே ஹெல்மெட்டை வெள்ளை வேட்டித் துண்டால் இறுகச் சுற்றி மீண்டும் ஒரு மணி நேரம் வைத்தால் 49. வெளியே 15 டிகிரி வித்தியாசம்! ஆனால் உள்மெத்தையில் 41.8, 40.6. தெர்மாகோல் தன் வேலையை அவ்வளவு நன்றாகச் செய்கிறது. வெளிச் சூட்டை உள்ளே விடாத அதே சுவர் தலையின் சூட்டையும் வெளியே விடாது. வெயிலில் நிறுத்திய வண்டி மேல் ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு வெள்ளை உதவலாம். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் என் தலைக்கு அது தருவது 1.2 டிகிரிதான்.

இந்தக் கட்டத்தில்தான், தலையில் மாட்டிக்கொண்டு 'இன்று கொஞ்சம் பரவாயில்லை' என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று புரிந்தது. ஒரு நாள் மேகம், ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் இரவு ஷிப்டுத் தூக்கக்கலக்கம். வீட்டுக்குள் வைத்து அளக்க ஒரு செயற்கைத் தலை வேண்டும். விக் கடைகளில் இருக்கும் வெள்ளைத் தலையை நினைத்தேன். அதுவும் தெர்மாகோல், சூட்டைப் பிடித்து வைக்காது. கடைசியில் கிடைத்தது சிறுவர்கள் ஆடும் மூன்றாம் எண் ரப்பர் கால்பந்து, 260 ரூபாய். டேப் வைத்துச் சுற்றளவு பார்த்தால் 58 சென்டிமீட்டர். என் தலை 57.5.

பந்தின் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துளை வெட்டி, புனல் வைத்து வெந்நீர் ஊற்றினேன். ஏறத்தாழ மூன்றே கால் லிட்டர் பிடித்தது. ஆய்வகச் சாமான் கடையில் 15 ரூபாய்க்கு ரப்பர் தக்கை. தக்கையின் நடுவே துளையிட்டு, ஃப்ரிட்ஜுக்கு வைக்கும் டிஜிட்டல் வெப்பமானியின் கம்பியை உள்ளே விட்டேன். அதன் விலை 220. இனிமேல்தான் சிக்கல். தண்ணீர் நிறைந்த ரப்பர்ப் பந்து பிதுங்கும், உருளும், தக்கையைத் துப்பும். முதல் தடவை துப்பியதில் கூடத்துத் தரை, என் லுங்கி, மகளின் கணக்கு நோட்டு மூன்றும் நனைந்தன. ஸ்டூல் மேல் பாத்திரம் வைத்துப் பார்த்தேன். டயர் வளையம் வைத்துப் பார்த்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த மாமியார் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "சும்மாடு கட்டி வையுங்கள் மாப்பிள்ளை" என்றார். பழைய புடவையை முறுக்கி இரண்டு நிமிடத்தில் கட்டியும் கொடுத்தார். குடத்துக்காக ஏற்பட்ட ஏற்பாடு. பந்து அதன் மேல் அசையாமல் உட்கார்ந்தது. அதற்கு மேல் ஹெல்மெட்.

முன்னால் 60 சென்டிமீட்டர் தூரத்தில் பெடஸ்டல் ஃபேன். தொழிற்சாலைக் காற்றுவேகமானியில் அந்த இடத்தில் வினாடிக்கு 4 மீட்டர் காட்டியது, அதாவது மணிக்கு 14 கிலோமீட்டர். சாலை வேகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒப்பிடுவதற்குப் போதும் என்று வைத்துக்கொண்டேன். அறை வெப்பம் 34 டிகிரி. பந்துக்குள் தண்ணீர் 54 டிகிரியிலிருந்து 52-க்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் அளவு. நிமிடம் குறையக் குறைய, ஹெல்மெட் சூட்டை நன்றாக வெளியே விடுகிறது என்று பொருள்.

முதல் ஞாயிறு எடுத்த அளவுகள் எல்லாவற்றையும் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. துவாரங்களை டேப் போட்டு அடைத்தாலும் திறந்தாலும் ஒரே நேரம்தான் வந்தது. ஹெல்மெட்டின் கீழே பந்தின் அடிப்பாதி வெறுமையாக ஃபேன் காற்றில் நிற்கிறதே, சூடு அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பது மாலையில்தான் உறைத்தது. பழைய கம்பளியை அடிப்பாதியில் சுற்றி, ஹெல்மெட்டின் கழுத்து விளிம்பில் மட்டும் காற்றுக்கு இடம் விட்டேன். இன்னொரு கோளாறும் இருந்தது. வெந்நீர் பந்துக்குள் மேலே ஏறி நிற்க, தக்கை வழியாகப் போன கம்பி அடியிலிருந்த ஆறிய நீரைத்தான் அளந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை எண்ணைப் படிக்கும் முன்பும் ஸ்டூலை நான்கு தடவை மெதுவாக ஆட்டினேன். அதன் பிறகு எண்கள் ஒழுங்குக்கு வந்தன. ஒவ்வொரு சோதனையையும் மும்முறை செய்தேன். மூன்றுக்கும் இடையே மூன்று நிமிடம் வரை முன்னே பின்னே இருந்தது.

பழைய ஹெல்மெட், துவாரங்கள் டேப்பால் அடைத்த நிலையில் 81 நிமிடம். திறந்த நிலையில் 78. முன்னே பின்னே வரும் மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிற வித்தியாசம், ஆகவே வித்தியாசமே இல்லை. டார்ச் சொன்னதைப் பந்தும் சொன்னது.

உள்துணியைத் துவைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நான்கு ஆண்டுத் தேங்காய் எண்ணெயும் சிப்காட் புழுதியும் குடித்த துணி. வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு கலந்து ஊறப்போட்டேன். முதல் தண்ணீர் டிகாக்ஷன் நிறம், இரண்டாவது டீ, மூன்றாவது மோர்ப்பானையைக் கழுவிய தண்ணீர். ஐந்தாவது முறைதான் தெளிந்தது. எண்ணெய் இறங்கியதும் கெட்டித் தோல் மாதிரி இருந்த துணியில் கண் கண்ணாக வலை தெரிந்தது. அது வலைத்துணி என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நிழலில் ஒன்றரை நாள் உலர்ந்தது. பந்துச் சோதனையில் 76 நிமிடம். நாற்றம் போனதுதான் லாபம்.

புது ஹெல்மெட் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று டார்ச்சும் இஞ்சு டேப்புமாக வேலூர் பழைய பேருந்து நிலையம் பக்கம் போனேன். கடைக்காரர் அளவு கேட்டார், நிறம் கேட்டார். நான் கடையின் விளக்கை ஒரு நிமிடம் அணைக்க முடியுமா என்று கேட்டேன். "சார், முப்பது ஆண்டாகக் கடை வைத்திருக்கிறேன். ஹெல்மெட்டை முட்டை மாதிரி வெளிச்சம் காட்டிப் பார்த்து வாங்குகிறவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார். அவர் மகனுக்கு இது விளையாட்டாகிவிட்டது. அவனே ஒவ்வொன்றாக எடுத்து டார்ச் பிடித்தான். பதினொன்று பார்த்தோம். நெற்றித் துவாரத்தில் உள்ளே முழு வெளிச்சம் வந்தவை நான்கு. அவற்றிலும் இரண்டில் தெர்மாகோலில் துளை இருந்ததே தவிர, துளையிலிருந்து பின்னால் போக வாய்க்கால் இல்லை. காற்று நெற்றியில் வந்து முட்டி நின்றுவிடும். உள்ளே வந்தது வெளியே போக வழி இருந்தால்தானே அடுத்த காற்று வரும்? மீதி இரண்டில் உச்சி வழியாகப் பிடரி வரை விரல் அகலத்துக்கு இரண்டு வாய்க்கால்கள் ஓடின, பின்பக்கத் துவாரமும் நிஜத் துளை. ஒன்று என் தலைக்குத் தளர்வு. தலையில் மாட்டி வாரைக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து முன்பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். கண் வரை இறங்கியது. வேண்டாம் என்றேன். மற்றொன்று கன்னத்தில் இறுக்கமாக, அசையாமல் உட்கார்ந்தது. 2,450 ரூபாய். எடை 1,340 கிராம். பழையதைவிட 150 கிராம் கூடுதல். கழுத்து அதை ஒரு வாரம் உணர்ந்தது, பிறகு மறந்துவிட்டது.

முகம் திறந்த அரை ஹெல்மெட் வாங்கினால் இத்தனை தொல்லை எதற்கு என்று ஷிப்டில் கேட்டவர்கள் உண்டு. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே தினமும் 44 கிலோமீட்டர் போகிறவனுக்குத் தாடையும் மண்டையைச் சேர்ந்ததுதான்.

புதியதைச் சும்மாட்டில் ஏற்றினேன். துவாரங்கள் அடைத்த நிலையில் 79 நிமிடம், பழையதைப் போலவே. திறந்ததும் 57. ஊதுபத்தியை நெற்றித் துவாரத்தருகே பிடித்தால் புகை உள்ளே இழுபட்டுப் பிடரியில் மெல்லிய நூலாக வெளியே வந்தது. மகள் அதைக் காணொளி எடுத்தாள். பழைய ஹெல்மெட்டில் அதே புகை நெற்றியில் மோதிப் பக்கவாட்டில் வழிந்து போயிருந்தது.

இத்துடன் முடிந்தது என்று நினைத்து மறுநாள் இரண்டு மணிக்குக் கிளம்பினேன். ஏமாற்றம். காற்று வருவது நன்றாகவே தெரிந்தது. ஆனால் அது அடுப்பு ஊதுகிற காற்று. சாலைக் காற்று 40 டிகிரி, தோல் ஏறத்தாழ 35. பந்து 54 டிகிரியில் இருந்ததால் 34 டிகிரி அறைக் காற்று அதைக் குளிர்வித்தது. என் தலையைவிடச் சாலைக் காற்று சூடு. அது எப்படிக் குளிர்விக்கும்? வியர்வை உலர்ந்தால்தான் குளிர்ச்சி. வியர்வையோ மெத்தையில் ஊறி அங்கேயே நின்றது. என் செயற்கைத் தலைக்கு வியர்க்காது என்பதை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மறந்திருக்கிறேன்.

பந்துக்கு வியர்க்க வைப்பது எளிது. ஈரத்துணிக் குல்லா போட்டால் ஆயிற்று. கடையில் 90 ரூபாய்க்கு ஒரு பாலியஸ்டர் குல்லா வாங்கினேன். தண்ணீரை அது பிடிக்கவில்லை. பிழிந்தால் எல்லாம் போய்விடுகிறது, பிழியாவிட்டால் கண்ணில் சொட்டுகிறது. பழைய மல் வேட்டி ஒன்றைத் தையல்காரரிடம் கொடுத்து, தலைக்கு ஒட்டினாற்போல் இரண்டு அடுக்கில் மூன்று குல்லாக்கள் தைக்கச் சொன்னேன். கூலி 60 ரூபாய். உச்சியில் தையல் ஒன்றுகூடும் இடம் தடித்து மண்டையில் குத்தியது. அதைப் பிரித்துத் தையல் பக்கவாட்டில் வரும்படி மாற்றித் தந்தார். உலர்ந்த எடை 27 கிராம். நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்தால் 82.

ஈரக் குல்லாவோடு பந்துச் சோதனை: பழைய ஹெல்மெட் 49 நிமிடம், புதியது 23. முதல் தடவை 23 வந்தபோது தக்கை ஒழுகுகிறதோ என்று கம்பளியை அவிழ்த்துப் பார்த்தேன். ஒழுகவில்லை.

பிறகு சாலையில். தொழிற்சாலையில் கைகழுவும் குழாயில் நனைத்துப் பிழிந்து, அங்கிருக்கும் தராசில் நிறுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, மேலே ஹெல்மெட். பழைய ஹெல்மெட்டில் ஒரு நாள் வந்தேன்: 82 கிராம் 70 ஆயிற்று. மறுநாள் புதியதில்: 46. ஒன்றில் 12 கிராம் தண்ணீர் போயிருக்கிறது, மற்றதில் 36. என் வியர்வையும் அதில் சேர்ந்திருக்கும் என்பதால் உண்மையில் உலர்ந்தது இன்னும் கொஞ்சம் அதிகம். ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வேண்டும். 36 கிராமை 40 நிமிடத்துக்கு வகுத்தால் 36 வாட் வருகிறது. அது முழுக்கத் தலையிலிருந்து எடுத்தது இல்லை. பாதிக்கு மேல் அந்தச் சூடான காற்றே கொடுத்திருக்கும். கணக்கு எப்படியோ போகட்டும். மேல்விஷாரத்தைத் தாண்டும்போது நெற்றி உச்சியில் ஒரு சில்லிப்பு ஓடியது. மண்பானைத் தண்ணீரைத் தொட்ட மாதிரி. வீட்டில் இறங்கும்போது தலைவலி இல்லை.

இதன் எல்லைகளையும் எழுதிவிடுகிறேன். 30 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. 45-ஐத் தாண்டினால்தான் காற்று வாய்க்காலில் ஓடுவது தெரிகிறது. சிக்னலில் நின்றால் எல்லா ஹெல்மெட்டும் ஒன்றுதான், கண்ணாடியைத் தூக்கிவிடுவதைத் தவிர வழியில்லை. 60-ஐத் தாண்டும்போது தாடைத் துவாரத்தைப் பாதி மட்டும் திறந்து வைத்தால் விசில் அடிக்கிறது; முழுக்கத் திறந்தாலும் முழுக்க மூடினாலும் இல்லை. தம்பி வீட்டு விசேஷத்துக்குச் சென்னை போனபோது அவன் வண்டியில் இதே 40 நிமிடம் சுற்றினேன்: 82, 65 ஆயிற்று. வேலூரின் காய்ந்த காற்று குடிக்கிற அளவு தண்ணீரைக் கடற்கரைக் காற்று குடிக்காது. ஜூன் முதல் வாரம் ஒரு மாலை கோடை மழையில் மாட்டிக்கொண்டேன். ஈரக் குல்லாவின் ஆவி குளிர்ந்த கண்ணாடியில் படிந்து, ஒரு நொடியில் முன்னால் போன பஸ் மறைந்துவிட்டது. ஓரம் கட்டி நிறுத்திக் குல்லாவைக் கழற்றினேன். வானம் கறுத்தால் இப்போது குல்லா பைக்குள் போய்விடுகிறது. குல்லாவைத் தினமும் துவைக்க வேண்டும். ஒரு நாள் சோம்பலில் விட்டேன், மறுநாள் புளித்த மாவு வாடை. குல்லா போட்ட பிறகும் ஹெல்மெட்டைத் தள்ளிப் பார்க்கும் சோதனையைத் திரும்பச் செய்தேன். இரண்டு அடுக்கு மல் துணி என்பதால் இறுக்கம் மாறவில்லை. துண்டைச் சுருட்டித் தலையில் கட்டிக்கொண்டு மேலே ஹெல்மெட் போடுவது வேறு கதை. அதில் ஹெல்மெட் தலையில் இருக்காது, துண்டின் மேல் இருக்கும்.

செலவு: ஹெல்மெட் 2,450, தராசு 450, பந்து 260, வெப்பமானி 220, வீணாய்ப்போன ஃபேன் 190, வீணாய்ப்போன பாலியஸ்டர் குல்லா 90, தையல் கூலி 60, தக்கை 15. மொத்தம் 3,735 ரூபாய். அபராதத்தையும் சேர்த்தால் 4,735. பலன் தந்தவை இரண்டே இரண்டு, ஹெல்மெட்டும் வேட்டிக் குல்லாவும்.

மறுபடி செய்வதாக இருந்தால் டார்ச் சோதனையைக் கடையிலேயே முடித்துக்கொண்டு மூன்று வாரத்தை மிச்சப்படுத்துவேன். பந்தை முதல் நாளே ஈரக் குல்லாவோடு சோதிப்பேன். உலர்ந்த தலையை அளந்து பெற்ற எண்கள் வேலூர் வெயிலுக்கு உதவவில்லை. ஃபேனுக்குப் பதிலாகத் தொழிற்சாலை ஊதுகுழாய் கிடைத்தால் 45 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமான காற்றில் அளந்து பார்க்க ஆசை. மேலாளர் இன்னும் தலையாட்டவில்லை. நெற்றித் துவாரத்தின் வலையில் பதினைந்து நாளிலேயே புழுதியும் பூச்சி இறகும் சேர்ந்துவிடுகின்றன. பழைய பல்துலக்கியால் தட்டி எடுக்கிறேன். அதற்கு ஒரு தேதி குறித்து வைக்க வேண்டும்.

பழைய ஹெல்மெட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மனைவி சொன்னாள். நான்கு கோடை தேங்காய் எண்ணெயும் வெயிலும் குடித்ததை இன்னொருவர் தலையில் வைக்க மனம் வரவில்லை. போன சனிக்கிழமை பணிமனை வைஸில் பிடித்து ஹாக்சாவால் இரண்டாகப் பிளந்தேன். பிளாஸ்டிக் ஓட்டைப் பிரித்துத் தெர்மாகோலின் வெளிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தபோது, நெற்றித் துவாரம் இரண்டுக்கும் நேர் பின்னே, கட்டைவிரல் அகலத்தில் இரண்டு வட்டக் குழிகள் வார்ப்பிலேயே இருந்தன. வெர்னியரை இறக்கிப் பார்த்தேன்: ஆழம் 4 மில்லிமீட்டர். அங்கே துளை வர வேண்டும் என்று அச்சு செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற புதுப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய்த் தன் ஹெல்மெட்டை எடுத்து வந்தான். "அண்ணே, உங்கள் டார்ச்சைக் கொஞ்சம் கொடுங்கள்."